மைல்ஸ் சேர்ப்பது இனி லாபமா? விலையை மறைக்கும் விமானத் திட்டங்கள், ஒரு விமர்சனம்

பறப்பதற்கும் கார்டில் செலவு செய்வதற்கும் மைல் என்ற பெயரில் புள்ளி தந்து, பிறகு அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கச் சொல்வதுதான் விமான நிறுவனங்களின் மைல்ஸ் திட்டம். அது எதுவாக இருந்தாலும் ஒரே கேள்வியை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன். அடுத்த வருஷம் குடும்பத்தோடு ஊருக்குப் போக எத்தனை மைல் வேண்டும் என்று இன்றைக்கே சொல்வார்களா, மாட்டார்களா? சொன்னால் சேர்க்கலாம். சொல்லாவிட்டால், புது கிரெடிட் கார்டு வாங்கும்போது அள்ளித் தருகிற எழுபதாயிரம், எண்பதாயிரம் மைலைப் பார்த்து மயங்குவதில் பயனில்லை. அந்த எண்பதாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் பின்னால்தான் முடிவு செய்வார்கள்.

முன்பு எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தை ஆரம்பித்தது, சில நாட்களிலேயே யுனைடெட்டும் மைலேஜ் பிளஸ்ஸோடு வந்தது. அப்புறம் பல வருஷங்கள் ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒரு அட்டவணை இருந்தது. இந்தப் பகுதியிலிருந்து அந்தப் பகுதிக்கு எகானமியில் இவ்வளவு, பிசினஸ் கிளாஸில் இவ்வளவு, அவ்வளவுதான். அமெரிக்காவுக்குள் போய்வர 25,000 மைல் என்பது அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மனப்பாடம். பண டிக்கெட் அன்றைக்கு 200 டாலரோ 600 டாலரோ, மைல் கணக்கு மாறாது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு விமானத்தில் மைலுக்கென்று ஒதுக்குவது கொஞ்சம் இருக்கைகள்தான், நல்ல தேதிகளில் அதுவும் இருக்காது. பத்து மாதத்துக்கு முன்பே உட்கார்ந்து தேடுகிறவர்களுக்கு இடம் கிடைத்தது, மற்றவர்களுக்கு இல்லை.

இப்போது நடந்திருப்பது என்னவென்றால், அந்த அட்டவணையை ஒவ்வொரு நிறுவனமாக எடுத்துவிட்டு, மைல் விலையையும் பண விலை மாதிரியே தினம் தினம் ஏற்றி இறக்குகிறார்கள். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை, டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அதைப்போல நாலு மடங்கு. விலை மாறுவதையே நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் நகைச்சீட்டு போடுகிறோம், தங்கம் விலை தினமும்தான் மாறுகிறது, ஆனால் இன்றைய விலையைக் கடை வாசலிலேயே எழுதிப் போடுகிறார்கள், பக்கத்துக் கடையிலும் அதே விலைதான், நம் சீட்டுப் பணத்துக்கு எத்தனை கிராம் என்று வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மைலில் அந்தப் பலகையே கிடையாது. கடைக்காரர் மனதில் இருக்கிற விலைதான் விலை, அது எப்படி வந்தது என்று கேட்கவும் வழியில்லை.

இதில் மோசமானது எது என்று கேட்டால் தயங்காமல் டெல்டாவின் ஸ்கைமைல்ஸ் என்பேன். 2015 ஜனவரியில் ஐந்து விலைப் படி கொண்ட புது அட்டவணை ஒன்றை வெளியிட்டார்கள், அடுத்த மாதமே அட்டவணை என்கிற ஒன்றையே தங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அன்றிலிருந்து டெல்டாவில் ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல் என்பது தேடிப் பார்க்கிற அந்த நிமிஷத்தில்தான் தெரியும். ஐரோப்பாவுக்கு ஒருவழி பிசினஸ் கிளாஸ் மூன்று லட்சம் மைலைத் தாண்டிக் காட்டுவது அங்கே சகஜம். ஸ்கைமைல்ஸை அமெரிக்கர்களே, மதிப்புக் குறைந்த பேசோ நாணயத்தைச் சொல்லி, ஸ்கைபேசோஸ் என்று கூப்பிடும் அளவுக்கு அதன் பெயர் கெட்டுப்போனது. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்: அவ்வப்போது டெல்டா மைல் தள்ளுபடி விற்பனை போடும், அதில் எகானமி டிக்கெட் உண்மையிலேயே மலிவாக வரும். அவர்களுடைய கார்டு வைத்திருந்தால் டெல்டா விமானங்களில் 15 சதவீதம் குறையும். மைல் காலாவதியும் ஆகாது. திடீரென்று கிளம்பத் தயாராக இருக்கிற, தனியாகப் பயணம் செய்கிற ஒருவருக்கு இது சரிப்படலாம். பள்ளி விடுமுறையைப் பார்த்துத் திட்டம் போடுகிற குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

யுனைடெட் டெல்டாவை விடக் கொஞ்சம் மேல், ஆனால் போகிற பாதை அதேதான். 2019 ஏப்ரலில் அறிவித்தார்கள், அந்த வருஷம் நவம்பர் 15 முதலான பயணங்களுக்கு அட்டவணை போய்விட்டது. அப்போது நிறையப் பேர், சரி, அட்டவணை போனாலும் அடிமட்ட விலை பழையபடிதானே இருக்கிறது என்று சமாதானம் சொன்னார்கள். கொஞ்ச காலம் அது உண்மையாகவும் இருந்தது. பிறகு 2023 ஜூனில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு யுனைடெட் பிசினஸ் கிளாஸின் அடிமட்ட விலையே 60,000-லிருந்து 80,000 ஆனது, அதே மைலை ஏற்றுக்கொள்கிற மற்ற விமான நிறுவனங்களின், அதாவது கூட்டு நிறுவனங்களின், விமானத்தில் 77,000 என்பது 88,000 ஆனது. அட்டவணை இருந்த காலத்தில் இப்படி ஏற்ற வேண்டுமானால் தேதி குறித்து அறிவிக்க வேண்டியிருந்தது, நமக்கும் அதற்குள் பழைய விலையில் எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைத்தது. இப்போது ஏற்றியதைப் பயணிகள் தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அட்டவணையோடு சேர்ந்து நாம் உண்மையில் இழந்தது அந்த அவகாசத்தைத்தான், இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதை கொஞ்சம் வேறு. 2023 மார்ச்சில் தன் சொந்த விமானங்களுக்கு அட்டவணையைக் கைவிட்டார்கள், கூட்டு நிறுவனங்களுக்கான அட்டவணையை மட்டும் விட்டுவைத்தார்கள். ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு இது பெரிய விஷயம். அந்த அட்டவணைப்படி அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஒருவழி எகானமி 40,000, பிசினஸ் கிளாஸ் 70,000. கத்தார் ஏர்வேஸில் தோஹா வழியாகச் சென்னை வரைக்கும் அதே 70,000 மைலில் போகலாம், நடுவில் மாறுவதற்குத் தனி மைல் இல்லை. காசு கொடுத்து வாங்கினால் பல ஆயிரம் டாலர் ஆகிற இருக்கை அது. இடம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிக்கொண்டே போகிறது, உண்மைதான், ஆனால் 70,000 சேர்த்தால் போதும் என்று ஒரு இலக்கு இருக்கிறது பாருங்கள், சேமிக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு. ஒரு தேதியில் கிடைக்காவிட்டால் அடுத்த தேதியைப் பார்க்கலாம், விலை மட்டும் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்காது. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஊருக்குப் போவதற்காகவே மைல் சேர்க்கிறவர்களுக்கு இன்னும் இந்தத் திட்டத்தையே முதலில் சொல்வேன். அமெரிக்கனின் சொந்த விமானங்களுக்காக இந்த மைலைச் செலவிடாதீர்கள்.

ஜெட்புளூ, சவுத்வெஸ்ட் இரண்டும் இந்தப் பிரச்சினையில் வேறு மாதிரி. இவை பாயிண்ட்டை (மைலுக்கு இவர்கள் வைத்த பெயர்) நேராகப் பண விலையோடு கட்டிவிட்ட திட்டங்கள், ஜெட்புளூ 2009-இலிருந்து, சவுத்வெஸ்ட் 2011-இலிருந்து. டிக்கெட் விலை குறைந்தால் பாயிண்ட்டும் குறையும், கணக்கு நேர்மையானது. பெரிய லாபம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவுத்வெஸ்ட் ஆரம்பித்தபோது மலிவான டிக்கெட்டில் ஒரு டாலருக்கு 60 பாயிண்ட் என்று வெளிப்படையாகச் சொன்னது. 2014-இல் அது 70 ஆனது. 2015 ஏப்ரலிலிருந்து டாலருக்கு எத்தனை பாயிண்ட் என்பதே பயணத்துக்குப் பயணம் மாறும் என்று ஆக்கிவிட்டார்கள். விகிதத்தைச் சொல்வதை நிறுத்துகிற நாள்தான் ஒரு திட்டம் கெட்டுப்போக ஆரம்பிக்கிற நாள் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏன் எல்லாரும் இதையே செய்கிறார்கள்? மைல் இப்போது பறப்பதால் கிடைக்கிற பரிசு இல்லை, வங்கிகளுக்கு மொத்தமாக விற்கிற சரக்கு. 2024-இல் கார்டு நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து மட்டும் டெல்டாவுக்கு வந்த வருமானம் சுமார் 740 கோடி டாலர். கொரோனா காலத்தில் விமானங்களெல்லாம் தரையில் நின்றபோது 2020 ஜூனில் யுனைடெட் கடன் வாங்க அடமானம் வைத்தது தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை. அப்போது அந்தத் திட்டத்துக்கு மட்டும் அவர்கள் காட்டிய மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர், அன்றைக்குப் பங்குச் சந்தையில் முழு நிறுவனத்துக்கும் இருந்த மதிப்பு அதைவிடக் குறைவு. அந்த செப்டம்பரில் டெல்டாவும் ஸ்கைமைல்ஸைக் காட்டி 900 கோடி டாலர் திரட்டியது. இவ்வளவு மைலை வங்கிகளிடம் விற்று, வங்கிகள் அதை மளிகைக்கும் பெட்ரோலுக்கும் நமக்குத் தந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் டிக்கெட் கேட்டால் ஒதுக்கின சில இருக்கைகள் எப்படிப் போதும்? அதனால் எல்லா இருக்கையையும் திறந்துவிட்டு விலையை ஏற்றிவிட்டார்கள். எந்த விமானத்திலும் எந்த இருக்கையையும் மைலில் வாங்கலாம் என்று விளம்பரம் செய்வது பொய்யில்லை. என்ன விலைக்கு என்பதுதான் அதில் இல்லை.

வழக்குப் போட முடியாதா என்று கேட்கிறவர்களுக்கு: அமெரிக்காவில் கிட்டத்தட்ட முடியாது. 1988-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏற்கெனவே சேர்த்த மைலுக்கும் சேர்த்து விதிகளை மாற்றி, சில நாட்களில் பயன்படுத்த முடியாது, இத்தனை இருக்கைதான் என்றெல்லாம் கட்டுப்பாடு போட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-இல் தீர்ப்பு வந்தது: மாநிலங்களின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து விமான நிறுவனத்தைக் கேட்க முடியாது, 1978-இன் விமானத் துறைச் சட்டம் அதைத் தடுக்கிறது, ஒப்பந்தத்தை மீறினால் மட்டும் கேட்கலாம். அந்த ஒப்பந்தத்தில்தான் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றுவோம் என்று எழுதி வைத்திருக்கிறார்களே. 2014-இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மேல் போட்ட வழக்கிலும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பு. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, டெல்டா, யுனைடெட், அமெரிக்கன், சவுத்வெஸ்ட் நான்கிடமும் மைல் மதிப்பைக் குறைப்பது, மாறும் விலை, மறைமுகக் கட்டணம் பற்றியெல்லாம் விளக்கம் கேட்டது. ஒரு அரசாங்கம் இந்தக் கேள்வியைக் கேட்டதே எனக்கு நிறைவாக இருந்தது. வங்கிக் கணக்கில் இருக்கிற பணத்துக்கு எத்தனை காவல் இருக்கிறது, அதே வங்கியின் கார்டில் சேர்கிற பாயிண்ட்டுக்கு ஒன்றுமே இல்லை என்பது சரியில்லை.

மாறும் விலையையும் கொஞ்சம் மரியாதையாக நடத்த முடியும் என்பதற்கு ஏர் பிரான்ஸ், கேஎல்எம் இரண்டுக்கும் பொதுவான ஃப்ளையிங் புளூ உதாரணம். 2018-இல் இவர்களும் அட்டவணையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அடிமட்ட விலை எவ்வளவு என்பது தெரியும், மாதம் முழுவதற்குமான விலையை ஒரே நாட்காட்டியில் பார்க்கலாம், மாதாமாதம் சில ஊர்களுக்கு 25 சதவீதம் மாதிரி தள்ளுபடி வருகிறது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு பிசினஸ் கிளாஸ் 50,000-இல் ஆரம்பித்துக்கொண்டிருந்ததை 2025 தொடக்கத்தில் 60,000 ஆக்கினார்கள், அது வருத்தம்தான். இருந்தாலும் தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தத் தெரிந்தவருக்கு அந்த அடிமட்ட விலை நிஜமாகவே கிடைக்கிறது. வர்ஜின் அட்லாண்டிக் 2024 அக்டோபர் 30 முதல் மாறும் விலைக்குப் போனது. நல்ல தேதியில் முன்பைவிட மலிவு, கூட்டமான தேதியில் தலை சுற்றும் விலை, அதற்கு மேல் நிறுவனம் தனியாக விதிக்கிற கட்டணத்தைப் பணமாகவே கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் மைலைப் போடாதீர்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஏர் கனடாவின் ஏரோபிளான் இன்னும் நல்ல திட்டம்தான். 2020 நவம்பர் 8-இல் புதுப்பித்தபோது ஏர் கனடாவின் சொந்த விமானங்களுக்கு மாறும் விலை, கூட்டு நிறுவனங்களுக்கு நிலையான அட்டவணை என்று பிரித்தார்கள். மாறும் விலைக்கும் தூரத்தைப் பொறுத்து எங்கிருந்து எதுவரை என்று ஒரு வரம்பு காட்டினார்கள். இதைத்தான் எல்லாரும் செய்திருக்க வேண்டும். நிறுவனக் கூடுதல் கட்டணம் கிடையாது, வழியில் ஒரு ஊரில் சில நாள் தங்கிப் போக 5,000 பாயிண்ட் போதும். டொராண்டோவிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ போகிற குடும்பங்கள் ஐரோப்பாவில் இருக்கிற உறவினர் வீட்டில் இறங்கிப் போக இதைவிட வசதி வேறு திட்டத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் 2025 மார்ச்சில் எமிரேட்ஸ், எதிஹாட், யுனைடெட் போன்ற சில கூட்டு நிறுவனங்களையும் மாறும் விலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அபுதாபி, துபாய் வழியாகப் போக நினைத்திருந்தவர்களுக்கு இது நேரடி அடி.

குடும்பமாகத் தேடுகிறவர்கள் கவனிக்க ஒன்று. நான் சேர்த்துவந்த ஒரு திட்டத்தில், எது என்று சொல்லத் தேவையில்லை, நான்கு பேருக்குத் தேடினால் ஒரு விலையும் இரண்டு பேருக்குத் தேடினால் அதைவிட நன்றாகக் குறைந்த விலையும் வந்தது. மலிவான படியில் இரண்டே இருக்கை மிச்சம் இருந்தால், நாலு பேரையும் சேர்த்து அடுத்த விலைப் படிக்குத் தூக்கிவிடுகிறது கணினி, இரண்டு பேருக்கு மலிவாகக் கொடுத்து மற்ற இரண்டு பேருக்கு ஏற்றுவதில்லை. ஆகவே ஒருவர், இருவர், நால்வர் என்று தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். பிரித்து எடுத்தால் விமானம் ரத்தாகும்போது எல்லாரையும் ஒன்றாக வைத்துக்கொள்வது கொஞ்சம் சிரமம், சின்னக் குழந்தைகள் இருந்தால் அதையும் யோசியுங்கள். இன்னொன்று, அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் மூன்றும் இப்போது மைலில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் மைலை முழுதாகத் திருப்பிப் போடுகின்றன (மலிவான பேசிக் வகையில் மட்டும் நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள்). அதனால் கிடைக்கிற விலையில் இன்றைக்கே எடுத்து வைத்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே விமானத்தைத் தேடுங்கள், குறைந்தால் புதிதாக எடுத்துவிட்டுப் பழையதை ரத்து செய்யுங்கள். ஏறி இறங்குகிற விலையில் நமக்கு ஆதாயமாக இருக்கிற ஒரே இடம் இதுதான்.

கடைசியாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர். இதில்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் இவ்வளவு காலம் ஒழுங்காக இருந்தது. மலிவான சேவர், அதைவிடக் கூடுதலான அட்வான்டேஜ் (அமெரிக்கனின் திட்டம் இல்லை, பெயர்தான் ஒன்று) என்று இரண்டு நிலையான விலைகள், அட்டவணை எல்லாருக்கும் தெரியும், விலை ஏறினால் முன்கூட்டியே அறிவிப்பு. 2025 நவம்பர் 1 முதல் ஆக்சஸ் என்று மூன்றாவதாக ஒரு மாறும் விலையைச் சேர்த்திருக்கிறார்கள், அட்டவணை விலைகளையும் அதோடு ஏற்றினார்கள். பழைய இரண்டும் இன்னும் இருக்கின்றன என்பது நிம்மதி. ஆனால் தீபாவளி, பொங்கல், ஜூன் மற்றும் டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் சென்னை விமானத்தில் சேவர் இருக்கை முன்பு போல் திறக்கிறதா, இல்லை ஆக்சஸில் மட்டும் காட்டுகிறதா என்பதை வைத்துத்தான் இந்தத் திட்டத்தை மதிப்பிட வேண்டும். சேவர் கிடைக்கும் வரை இது நல்ல திட்டம். ஆக்சஸ் விலையில் எடுப்பதாக இருந்தால் முதலில் பண விலையைப் பாருங்கள், பல நேரம் காசு கொடுத்து வாங்கிவிட்டு மைலை வைத்துக்கொள்வதே மேல். மாதாமாதம் சில ஊர்களுக்கு வருகிற 30 சதவீதத் தள்ளுபடியையும் கவனியுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட்டில் திருச்சிக்கோ கோவைக்கோ போக இந்த மைலைச் செலவிடாதீர்கள், மதிப்பு மிகவும் குறைவு, ஸ்கூட்டுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். இதில் மைல் மூன்று வருஷத்தில் காலாவதியாகும், வங்கிக் கார்டு பாயிண்ட்டை ஒருமுறை மைலாக மாற்றிவிட்டால் திரும்பப் போகாது. அதனால் சேவர் இருக்கையைக் கண்ணால் பார்த்த பிறகே பாயிண்ட்டை மாற்றுங்கள், வங்கி மாற்ற எத்தனை நாள் எடுக்கும் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.